உனக்குப் பதிலாக நான் பேசியது

இன்று காலை ஆசிரியர் அறைக்குச் சுற்றறிக்கை வந்தது. சைக்ளோஸ்டைல் மை சரியாகக் காயவில்லை; கையெழுத்துப் போடும்போது விரலில் ஒட்டிக்கொண்டது. இளங்கலை மாணவிகளுக்கான அந்த மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பெயர்களை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். தலைமைப் பயிற்சி, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி, கடைசி வருஷத்தில் நான்கு மாதம் வெளிநாட்டில் படிப்பு. நம் காலத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அதே மூன்று வரிகள். மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. மதிய வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

நாம் சேர்ந்த வருஷம்தான் திட்டமும் தொடங்கியது. எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அம்பத்தூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், வங்கி ஊழியரின் மகள். நீ கள்ளிக்குப்பம். உன் அப்பா தொழிற்பேட்டையில் வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி. அவருடைய அப்பா அந்தப் பட்டறை நிற்கும் நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டவர். தமிழில் படித்து, வேதியியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் நீ. நாம் இருவரும் ஒரே வகுப்பு என்பதால் நம்மை ஜோடியாகச் சேர்த்தார்கள்.

பூந்தமல்லியில் நடந்த முதல் பயிற்சி முகாம் உனக்கு நினைவிருக்குமா? ஒவ்வொருவரையும் நாற்காலி மேல் ஏறி நின்று, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார்கள். நான் கைதட்டல் வாங்கினேன். நீ ஏறினாய், இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னாய், இறங்கிவிட்டாய். பஸ்ஸில் திரும்பும்போது, "இன்னாடி இது, சேர் மேல ஏறி நின்னாத்தான் லீடரா? எங்க தெருவுல எல்லாம் தரைலதான் நின்னுகினு கத்துறோம்" என்றாய். இருவரும் ஆவடி வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஆராய்ச்சிக்கு என்ன எடுப்பது என்று நான் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு வெள்ளைத் தாவணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாய். மஞ்சள் பூத்திருந்தது. "எங்க ஊட்டுக் கெணத்துல தொவைச்சது. சோறு கூட இந்த நெறத்துலதான் கீது. இதையே எடுத்துக்கலாம்டி."

பதினேழு கிணறுகள். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடம் போட்டவள் நீ. மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று யோசித்தவளும் நீ. நான் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் நடந்தேன். ஆய்வுக்கூடத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம்; குரோமியம் இருந்தால் தண்ணீர் ஊதாவாக மாறும். முதல் ஐந்து குழாயும் ஊதாவானபோது நான் துள்ளினேன். நீ துள்ளவில்லை. மூன்றாவது குழாயைக் காட்டி, "இது எங்க அத்தை ஊட்டுது. கைக்கொழந்தை கீது அங்க" என்றாய்.

அறிக்கை முடியும்வரை நீ காத்திருக்கவில்லை. தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு நகராட்சி அதிகாரியைப் பார்க்கப் போனாய். நானும் வந்தேன், ஓரமாக நின்றேன். நீ குரலை உயர்த்தவே இல்லை. பதினேழு கிணற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். யார் வீட்டில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று சொன்னாய். வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் லாரி வந்தது. ஒரு கோடை முழுக்க வந்தது. அதன் பிறகு நின்றுவிட்டது.

இரண்டாம் வருஷக் கடைசியில் வெளிநாட்டுப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. ஒரு ஜோடிக்கு ஓர் இடம்தான். முந்தின நாள் ஸ்டேஷன் நடைமேடையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நான் நாளைக்கு திக்குவேன். எனக்குத் தெரியும். ஆனா கொஞ்சம் டைம் குடுத்தா சொல்லிடுவேன். நீ நடுவுல பேசாத, இன்னா?"

"சத்தியமா பேச மாட்டேன்டி" என்றேன்.

முதல்வர், நம் துறைத் தலைவர், கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை. அந்த அம்மாள் உன்னைத்தான் முதலில் கேட்டார்: இந்தக் கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? நீ ஆங்கிலத்தில் தொடங்கினாய். "ஃப்ரம் மை ஹவுஸ்..." என்றாய். நின்றுவிட்டது. உன் உதடு அசைந்தது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அரை நிமிடம் இருக்கும். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

ஓடை, தூரம், மழைக்கு முன், மழைக்குப் பின், எல்லாவற்றையும் சரளமாக அடுக்கினேன். நீ எனக்குச் சொன்ன வார்த்தைகளையே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கேள்வி என்னிடம் வந்தது, அதற்கடுத்ததும். உன் பெயரை ஒரு தடவை சொன்னேன், மாதிரிகள் சேகரிக்க உதவினாள் என்று. நீ மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, முடியும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாய்.

வெளியே வந்ததும், "நல்லா பேசுன" என்றாய். அவ்வளவுதான். பட்டியலில் என் பெயர் வந்தது. உன் அம்மா என் கன்னத்தை வழித்து, "நீ போனா இன்னா, இவ போனா இன்னா கண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

கனடாவில் பெரிய அரங்கில் நம் ஆராய்ச்சியைப் படித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "அந்த மக்கள் இப்போது என்ன தண்ணீர் குடிக்கிறார்கள்?" என்று கேட்டாள். விசாரிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கே உனக்குக் கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து உன் பதில் வந்தது. "அதே தண்ணிதான். நாலு பேர் வெளியில கொடம் கணக்குல தண்ணி வாங்குறாங்க, மத்தவங்க அதையே குடிக்கிறோம். அங்க குளிர் ஜாஸ்தின்னு சொல்றாங்க. காதை மூடிக்கினு போ."

அந்த நான்கு மாதம் என்னை எங்கெங்கோ கொண்டுபோனது. முதுகலை, ஆராய்ச்சிப் பட்டம், நாம் படித்த கல்லூரியிலேயே வேலை. எல்லா விண்ணப்பத்திலும் முதல் வரி அந்தப் பதினேழு கிணறுதான். உனக்கு முதுகலை இடம் கிடைத்தும் நீ சேரவில்லை. அப்பாவின் பட்டறையை மூடிவிட்டார்கள். முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் பரிசோதனைக்கூட வேலைக்குப் போனாய். "அதே ஓடைக்குத்தான் நானும் இப்ப ஊத்துறேன்" என்று ரயிலில் பார்த்தபோது சொன்னாய். சிரிக்கவில்லை. பிறகு கல்யாணமாகித் திருநின்றவூர் போனாய். ஒருமுறை வீட்டுக்கு வரச் சொன்னாய். வருகிறேன் என்றேன். வரவில்லை.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று உன் தம்பி கல்லூரிக்குப் போன் செய்து சொன்னான். முப்பது வயதுகூட உனக்கு ஆகவில்லை. தண்ணீராலா, வேலையாலா, பிறவிக் கோளாறா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. குரோமியத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசிய என்னாலும் சொல்ல முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். ஜன்னலோரக் கட்டில். முகமெல்லாம் வீங்கி, நீதானா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம். நீ என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாய்.

"வந்துட்டியா. குந்து" என்றாய்.

கல்லூரியைப் பற்றிக் கேட்டாய். திட்டம் இன்னும் நடக்கிறதா என்று கேட்டாய். நடக்கிறது, இப்போது தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன் என்றேன்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு நீ ஏன்டி பேசுன?"

பத்து வருஷத்தில் நீ அதை ஒரே ஒரு முறைதான் கேட்டாய். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாய். கிணற்றுக்கு ஆழம் கேட்பது போல.

"நீ தவிக்கிறதை என்னால பார்க்க முடியலடி" என்றேன்.

என்னையே பார்த்தாய். "சரி" என்றாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மணி அடித்துப் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். நான்காம் நாள் உன் தம்பி மறுபடி போன் செய்தான்.

அந்தப் பதிலை இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். வகுப்பில், பஸ்ஸில், சாப்பிடும்போது, அதைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க வேண்டியவள் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். நீ தவித்ததை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. அந்தக் கனடா அம்மாள் காத்திருப்பதைத்தான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் பேசினேன்.