இடுப்பு வலிக்குக் காரணம் நீ இல்லை

என் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். என் இடுப்புதான் எங்களோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தியது, இப்போது கொஞ்சம் சமாதானத்துக்கு வந்திருக்கிறது. அங்கே நீ உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாமே என்று அப்பா கேட்டார். நான் வாயைத் திறந்ததுமே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், உன்னைத் தேற்றுவதிலேயே பேச்சு முடிந்துபோகிறது, அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

அத்தை உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். "பொண்ண நெனச்சு நெனச்சே உங்கம்மா இடுப்பு விழுந்து கெடக்கா, மருந்துல தீர்ற வலி இல்ல இது" என்றாளாம். அவள் மேல் கோபப்படாதே. ஸ்கேனில் எலும்பு, டிஸ்க் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று முதல் டாக்டர் கையை விரித்ததும் எல்லாருமே அப்படித்தான் பேசினார்கள். "மனசுல இருக்கறதுதான் உடம்புல வருதோ என்னவோ" என்று உன் அப்பாவே ஒரு நாள் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நீ விமானம் ஏறிய அதே வாரம்தான், ஓட்டல் வேலையில், தங்குகிறவர்களுக்குப் படுக்கை விரிக்கையில் மெத்தையின் மூலையைத் தூக்கியபடி திரும்பினேன், சுளீர் என்றது. அதற்கப்புறம் குனிய முடியவில்லை. மேற்பார்வை பார்க்கிறவள் பாவம் பார்த்துத் துண்டு மடிக்கிற வேலையில் உட்காரவைத்தாள், உட்கார்ந்தால் அதைவிட மோசம். வீட்டில் உன் அறையைப் பெருக்கப் போனால் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிடுவேன். வலிக்கிறது இடுப்பா, நீ இல்லாததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ செய்தி அனுப்பினாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, உன்னிடம் மறைப்பானேன். அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷத்துக்காக என்னையே திட்டிக்கொண்டேன். பாலம் கட்டவேண்டும் என்று எத்தனை பாடுபட்டுப் படித்தாய், அதை என் இடுப்புக்குப் பலி கொடுப்பதா.

அதனால்தான் இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தேன். முதுகு வலி மட்டும் பார்க்கிறவள், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். ஸ்கேனைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி விரலால் ஒவ்வோர் எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தாள். முதுகெலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்குகிற இடத்தில் கட்டைவிரல் பட்டதும் உயிர் போய் வந்தது, தொடையிடுக்கு வரை இழுத்தது. "இதே வலிதானாம்மா?" என்றாள். இதேதான் என்றேன். "எலும்போட எலும்ப இழுத்துக் கட்டியிருக்கிற நார் அடிபட்டிருக்கு. நார்னா வெறும் கயிறு இல்லம்மா, அதுக்குள்ளயும் பொடிப்பொடியா நரம்பு ஓடுது. மேலருந்தும் கீழருந்தும் கிளை வந்து கலக்கறதால எங்க வலிக்குதுன்னு வெரல் வெச்சுக் காட்ட வராது. ஸ்கேன்ல தெரியலங்கறதுக்காக வலி இல்லன்னு ஆயிடாது" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாளில் ஒருத்தியாவது என்னை நம்பினாளே.

இடம் அதுதானா என்று உறுதி செய்ய அங்கே மரத்துப்போகிற ஊசி ஒன்று போட்டாள். கொஞ்சம் பொறுத்து நடக்கச் சொன்னாள், நடந்தேன். குனியச் சொன்னாள், குனிந்து என் செருப்பை நானே மாட்டிக்கொண்டேன். வெளியே உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே உன் அறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன், போர்வையை உதறி விரித்தேன், ஓரத்தில் உட்கார்ந்தேன். இடுப்பில் பொட்டு வலி இல்லை. ஆனால் நீ இல்லாதது மட்டும் எள்ளளவும் குறையாமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது வேறு அது வேறு. சாயங்காலம் மருந்தின் வேகம் தீர்ந்து மறுபடி வலித்தபோது எனக்கு அது வெறும் நாரின் வலியாகத்தான் இருந்தது.

இப்போது தினமும் உடற்பயிற்சி. தரையில் படுத்து நான் காலை மடக்கினால் அப்பாவும் துணைக்குப் படுத்துக்கொள்கிறார், என்னைவிட அவர்தான் அதிகம் முனகுகிறார். ஆறுவதற்கு மாசக்கணக்காகும், ஆறிவிடும் என்கிறாள் டாக்டர். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன், "வெறும் நார்தானா" என்று கொஞ்சம் ஏமாந்துதான் போனாள்.

அதனால் வேலையை விடாதே. ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. அம்மாவுக்கு முடியவில்லை என்று நீ ஓடி வந்தால் நான் ஒரு நோயாளியாகத்தான் உன்னை வரவேற்க வேண்டியிருக்கும். லீவு கிடைக்கிறபோது, அம்மா முகத்தைப் பார்க்கணும் போல இருக்கிறது என்று வா. நீ இல்லாத ஏக்கத்துக்கு எனக்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நீ கட்டுகிற பாலத்தில் ஆயிரம் பேர் பத்திரமாகப் போய்வர வேண்டும், நீயும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு வாழ வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருக்காதே, நடுநடுவே எழுந்து நட.

உன்னைப் பார்க்க ஆசைப்படுகிற, அதைத் தவிர வேறு குறையில்லாத

அம்மா