‘கையை எடு’ என்று சொல்ல ஆளில்லாத எட்டு நாள்

மார்ச் 4
வந்து சேர்ந்தாயிற்று. விடுதியில் துறைமுகத்தைப் பார்த்த மாடி அறை. மேசை ஆடுகிறது, ஒரு காலுக்கு அட்டையை மடித்து வைத்தேன். கண்காட்சிக்குப் பதினொரு படம் தயார். வாசல் சுவருக்கான பெரிய படம்தான் பாக்கி. “அது சரியா வரலைன்னா சுவரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்று காட்சிக்கூடத்து அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நீர்வண்ணத்துக்கான முழுத்தாள் நான்கு இருக்கிறது. போதாதா என்ன?

மார்ச் 5
முதல் தாள் காலி. தண்ணீரில் விழுந்த பாய்மரத்தின் நிழல் ஒரே வீச்சில் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கருப்பு, இன்னும் கொஞ்சம் என்று போய்ச் சேறாக்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. வீட்டில் என்றால், பின்னால் உட்கார்ந்து காய் நறுக்கும் என் வீட்டுக்காரர் சரியான நேரத்தில் “போதும், கையை எடு” என்பார். தூரிகையை எப்படிப் பிடிப்பது என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறது. இந்த முறை அவருக்குப் பஸ் டிப்போவில் லீவு தரவில்லை.

மார்ச் 7
பெரிய புத்திசாலி நான்! பாதிப் படத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். பஸ் ஓட்டும்போது போனைத் தொடமாட்டார் — தெரிந்ததுதானே? கை சும்மா இருக்குமா? நாலு மணி நேரம் கழித்துப் பதில்: “போதும். பிரமாதம்.” அதற்குள் மூன்று படகும் ஒரு பறவைக் கூட்டமும் சேர்த்திருந்தேன். பறவைகள்! யார் கேட்டார்கள்?

சாயங்காலம் போனில் சண்டை. “நாப்பது பேரை ஏத்திக்கிட்டு உன் படத்தைப் பாக்கச் சொல்றியா?” நியாயம்தான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

மார்ச் 8
வரையவில்லை. காலை முழுக்க வானம் சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நாள்.

மார்ச் 9
மூன்றாவது தாள். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மார்ச் 10
கடைசித் தாள். கரையில் ஏற்றி, புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்த படகு. நான் வெள்ளை நிறம் வைத்துக்கொள்வதில்லை; தாளைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை. சுற்றிலும் கடல், சங்கிலி, ஈர மணல் எல்லாம் தீட்டிவிட்டுப் படகுக்கு வந்தேன். ஆட்கள் வந்து அதைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

“அண்ணே, அரை மணி நேரம்!”

“தண்ணி ஏறிடுச்சும்மா, இப்ப விட்டாத்தான் உண்டு.”

போய்விட்டது. தாளில் படகு இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஞாபகத்திலிருந்து போட்டுவிடலாமா? ஒரு கயிறு மட்டும்? அடிப்பாவி, ஆரம்பித்துவிட்டாய்! வண்ணப் பையைத் தூக்கிக்கொண்டு போய் விடுதிக்கார அக்காவிடம் கொடுத்தேன்.

“காலைல வரைக்கும் நான் கெஞ்சினாலும் தராதீங்கக்கா.”

“குடிக்கிறவங்கதான் பாட்டிலை இப்படிக் குடுத்து வைப்பாங்க” என்று சிரித்தபடி பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். தரவில்லை. மகராசி.

மார்ச் 11
காலையில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். படகு இருக்கிறது. ஒரு கோடு கிடையாது, ஆனால் கனமாக, பளிச்சென்று நிற்கிறது! பையை வாங்கி, பிரிக்காமலே பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 12
வீடு. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு. படகை எப்ப போடப்போறே?” என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இன்னும் வரை என்கிறாரே! ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“போட்டாச்சு” என்றேன்.

மார்ச் 20
திறப்பு. வாசல் சுவர் எனக்குத்தான். காட்சிக்கூடத்து அம்மா பாராட்டவெல்லாம் இல்லை. ஸ்டூலில் ஏறி விளக்கைத் தானே திருப்பி வைத்தார்.

என் வீட்டுக்காரர் டிரைவர் சட்டையோடு நேரே வந்து படத்தின் முன் நின்றவர் நகரவே இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள், கதவைப் பூட்ட ஆள் வந்து நிற்கிறார்.

“இரு. அந்தப் படகைத் தொட்டா பெயின்ட் ஒட்டும்போல இருக்கு. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்.”

“போதும், வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.