டெனிஸின் ஒரே படம்

2006 மார்ச் 2, வியாழன்

மழை. பள்ளி விட்டதும் பஸ் ஏறி தென் லண்டன் ஸ்ட்ரெதம், டெனிஸின் தங்கை வீடு. இரண்டாம் உலகப் போரில் செத்த விமானப்படைக்காரர் டெனிஸ் பற்றிய என் வெப்பேஜைப் பார்த்து, தங்கையே மெயில் போட்டவர் (டைப் பண்ணியது பேரன்). எழுபத்தைந்து வயது. தேநீர், நமுத்த பிஸ்கட். பிறகு ஒரு உறை, உள்ளே படம். டெனிஸ் யூனிஃபோர்மில்! அசல்! வேறு பிரதியே இல்லை!!

"ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவா. அவனுடையது இது ஒன்றுதான்."

அவர் சொல்லக் குறித்தவை:
- இறைச்சிக்கடை டெலிவரி சைக்கிள். பதினெட்டில் விமானப்படை.
- லங்காஸ்டர் பொம்பர் (குண்டு போடும் விமானம்), வால்பக்கத் துப்பாக்கி. சரியான குளிர். காலுறை பின்னி அனுப்பச் சொல்லிக் கடைசிக் கடிதம். ஒரு கால்தான் பின்னி முடிந்தது.
- பன்னிரண்டாம் பறப்பு. தீ. ஆறு பேர் குதித்தார்கள். இவருடைய துப்பாக்கிக் கூண்டின் கதவு திறக்கவில்லை.
- வயது பத்தொன்பது.

மார்ச் 3, வெள்ளி

வீட்டு ஸ்கானர் வேலை செய்யவில்லை. நாளை லைப்ரரி.

பின்னேரம் வந்தால் மேசையில் நான் குடித்த கோலா ரின் மட்டும், படம் இல்லை. சாமித்தட்டுக்குக் கீழே, நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"அம்மா! அது இரவல் படம்!"

"செத்த பிள்ளையைக் கோலா ரின்னுக்குப் பக்கத்திலயோ வைக்கிறது? பால்வடியிற முகம். ஆரடா இது?"

அப்போதே வாயை மூடியிருக்கலாம். விமானம், இரவு, எரிந்த நகரங்கள் என்று அளந்தேன். "பொம்பர், அம்மா! அந்த நாளையில இவையின்ரதான் திறம்!"

அம்மாவின் தம்பி, சிவா மாமா, யாழ்ப்பாணத்தில் பங்கருக்கு ஓடும்போது பொம்பர் குண்டில் செத்தவர். எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

"பொம்பர்க்காரனுக்கோ நான் பொட்டு வைச்சனான்?"

"இவர் குண்டு போடேல்லை. பின்னுக்கிருந்து சுடுறவர் மட்டும்."

"கீழ ஓடினவைக்கு அது தெரியுமோ?"

அம்மா படத்தோடு குசினிக்கு. ஈர ஸ்பொஞ்ச், சொரசொரப்பான பக்கம். நான் பறிப்பதற்குள் பொட்டு போய்விட்டது. கூடவே கண்ணும் மூக்கும் வாயும். தொப்பி மட்டும் மிச்சம்.

மார்ச் 4, சனி

லைப்ரரி போகவில்லை. இணைய ஃபோரத்தில் ஐந்து பேர், "படம் எப்போது?" கனடாக்காரர் ஒருவர் மூன்று தரம். பதில் போடவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

காற்று. ஸ்ட்ரெதம். வாசலில் வைத்தே உறையைப் பிரித்தார்.

"யார் செய்தது?"

"அம்மா."

"ஏன்?"

மாமாவைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டே வசனத்தில் முடிந்துவிட்டது.

"அதற்கு என் அண்ணன் என்ன செய்வான்?"

படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

"அவனைப் பற்றி எழுதியதையெல்லாம் அழித்துவிடு." கதவு.

வீட்டுக்கு வந்து அழித்தேன். ஆறு மாத வேலை, ஒரு கிளிக். டெனிஸின் பிறந்த நாள், படை இலக்கம், கூட இருந்த ஆறு பேரின் பெயர்கள், எல்லாம் இன்னும் மனப்பாடம்.

குசினிக்குப் போனேன். அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு அப்ப எத்தினை வயசு?"

நிமிரவில்லை. "இப்ப என்னத்துக்கு? அவனுக்கும் வெப்சைட் கட்டப்போறியோ?"