சந்தியில் வைத்த உன் சோறு

என் அருமை மச்சான் சிறி,

நீ இருக்கிற இடத்திலும் ஏற்றம் இறக்கம் உண்டோ? உண்டென்றால் கியரை முதலே மாற்று. நீ ஏற்றத்தின் நடுவில்தான் மாற்றுவாய், சங்கிலி கழன்று விழும், எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பிரான்சுப் பக்கம் சைக்கிள் ஓடினோம். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. நான், தேவன், உன் மனிசி வதனி. தேவன் பற்றறிச் சைக்கிள் வாங்கிவிட்டான். முழங்கால் நோவாம். ஏற்றத்தில் எங்களை முந்திக்கொண்டு போய், மேலே நின்று ராசா மாதிரிக் கைகாட்டுகிறான். நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் விடாமல் நக்கலடித்திருப்பாய்.

ஆனால் வதனி ஓட்ட ஆசையில் வரவில்லை. அவள் வில் என்கிற ஊருக்குப் போகப்போகிறாள் மச்சான். நாட்டின் மறுகோடியில் இருக்கிற தமையன் வீட்டுக்கு. அறைகூட ஒதுக்கிவிட்டாராம். டொச்சில், அந்த ஜெர்மன் பாஷையில், வணக்கம் சொல்லவும் தெரியாதவள் அங்கே போய் என்ன செய்வாள்? "இவ்வளவு காலம் இருந்த ஜெனீவா. நாங்களெல்லாம் இஞ்சதானே இருக்கிறம், ஏன் பிள்ளை போறாய்?" என்று கேட்டேன்.

"இஞ்ச ஏலாது அண்ணை" என்றாள். ஏன் ஏலாது? மண்டையைப் போட்டு உடைத்தேன். நாங்கள் ஏதும் குறை வைத்தோமோ என்றுகூட யோசித்தேன்.

போகுமுன் ஒரு வேலை மட்டும் முடிக்க வேண்டும் என்றாள். உன் எட்டுச் செலவுச் சடங்கில் விட்ட குறை. எட்டாம் நாள் உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம், சரி. படைத்ததில் ஒரு பங்கைச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் அல்லவா? உங்கள் வீட்டுச் சந்தியில் ட்ராம் ஓடுகிறது. தண்டம் அடிப்பார்கள் என்ற பயத்தில் சோற்றைப் பல்கனியில் வைத்துவிட்டோம். அன்றிலிருந்து அவளுக்கு மனம் ஆறவில்லை. "அவர் இன்னும் பல்கனியிலதான் நிக்கிறார் அண்ணை" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதுதான் பிரான்ஸ். எல்லைச் சாவடியில் ஒரு குருவியும் இல்லை. அகதி அட்டையோடு திரிந்த நாட்களில் அந்தக் கொட்டிலைத் தூரத்தில் கண்டாலே நீயும் நானும் சைக்கிளைத் திருப்பிவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதோ? இப்போது தேவன் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறான். அப்பால் கோதுமை வெட்டி முடித்திருந்தார்கள். சூரியகாந்தி நின்றது. வழியில் இருந்த ஊரில் எல்லாக் கடையும் பூட்டு, கோயில் மணி மட்டும் அடித்தது. வதனி உன் சைக்கிளில்தான் வந்தாள். இருக்கையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

வயல் பாதை மூன்று சந்திக்கிற இடத்தில் நிறுத்தினோம். மைம்மல் பொழுதில், இருட்டுகிற நேரத்தில் செய்ய வேண்டியதை மத்தியானத்தில் செய்யலாமோ என்று தேவன் தொடங்கினான். "சிறி எப்ப நேரத்துக்குச் சாப்பிட்டவன்?" என்று கேட்டேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இலையை எடுத்து விரித்தான்.

குத்தரிசிச் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, முட்டைப் பொரியல், ஒரு துளி சாராயம். வதனி குந்தியிருந்து இலையில் வைத்தாள். பிறகு மூவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

கொஞ்சத் தூரம் போயிருப்போம். பின்னால் சளக் சளக் என்று சத்தம். தேவன் என் கையைப் பிடித்தான். "மச்சான், சிறி சாப்பிடுறான்" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் மயிர் கூச்செறிந்தது.

அடுத்த நிமிடம் ஒரு நாய் வீல் என்று கத்தியது. அதன் பின்னால் ஒரு தோட்டக்காரப் பொம்பிளை பிரெஞ்சில் கத்தினாள். என் நாய்க்கு என்ன போட்டீர்கள், நஞ்சா என்று கேட்கிறாள். "பாக்காத, பாக்காத!" என்கிறான் தேவன். வழக்கம் வழக்கம்தானே. நாங்கள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றோம்.

வதனி திரும்பினாள். சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு அந்தப் பொம்பிளையிடம் போனாள். நஞ்சில்லை, மிளகாய்த்தூள் என்றாள். யாருக்கு வைத்த சாப்பாடு என்று அந்தப் பொம்பிளை கேட்டாள்.

"என் கணவருக்கு" என்று பிரெஞ்சில் சொன்னாள் வதனி. "அவர் இறந்துவிட்டார்."

நானும் அப்போது திரும்பிவிட்டேன் மச்சான், மன்னித்துக்கொள். அந்தத் தோட்டக்காரி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் வாய்க்காலில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து இலையை நக்கியது. "நன்றாகச் சமைக்கிறாய் போல" என்றாள் அவள். வதனி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். நீ போன பிறகு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு மர நிழலில் இருந்து சொன்னாள். "அவர் செத்திட்டார் எண்டு இண்டைக்குத்தான் அண்ணை என்ர வாயால சொல்லியிருக்கிறன். எங்கட ஆக்களுக்கு நீங்கள் ரெலிபோன் அடிச்சுச் சொன்னியள். எங்கட தெருப் பேக்கரியில பாண் விக்கிறவளுக்கு ஆர் சொன்னது? போகேக்குள்ள எல்லாம் ஐயா சுகமோ எண்டு கேக்கிறாள். சுகம் எண்டே மாசக்கணக்காச் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோட சொல்லுறது? வில்லில அவரை ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"அடி விசரி! ஒரு பாண் கடைக்காரிக்குப் பயந்தோ ஊர் விட்டுக் கன்ரோன் மாறப் பாத்தனி?" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் அழுதேன். தேவன் ஏற்கெனவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

நேற்றுக் காலை என்னைக் கூட்டிக்கொண்டு பாண் கடைக்குப் போனாள். கடைக்காரி வழக்கம்போல் கேட்டாள். வதனி சொன்னாள். மனிசி பாணை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து இவளைக் கட்டிப்பிடித்தாள். வரிசையில் நின்ற சனம் எல்லாம் காத்து நின்றது. வெளியே வந்ததும் வதனி தமையனுக்கு அழைத்து, "நான் வரேல்லை அண்ணா" என்றாள்.

இன்னும் மருந்துக் கடை இருக்கிறது, தபால்காரர் இருக்கிறார், கீழ்வீட்டுக் கிழவி இருக்கிறாள். நீ ஆரைத்தான் பழகாமல் விட்டாய்? ஒவ்வொரு வாசலுக்கும் அவளோடு நானும் போவேன். அவளுக்கு வாய் வராத இடத்தில் நானே சொல்வேன், என் சிறி செத்துப்போனான் என்று. சொல்வேன், இது உனக்குச் சத்தியம்.

கூடப் பிறக்காத குறை ஒன்றுதான்,
உன் மச்சான்
குணம்