இரண்டு முறை வாசித்த கல்யாண ஓலை

போர்ட்சி,
6 மார்ச் 1871

அன்புள்ள ரூபனுக்கு,

இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கோயிலில் நம் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அதற்குள் கல்யாணம் நடக்காததால் நேற்றோடு அது செல்லாது. இது இரண்டாவது தடவை. பாதிரியார் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோயிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

கடல் நடுவே நீங்கள் கட்டும் கோட்டை முடிந்ததும் கல்யாணம் என்றீர்கள். ஏழு வருஷமாயிற்று. பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வருவான் என்றுதானே இந்தக் கோட்டை? அவனைத்தான் ஜெர்மன்காரன் புரட்டி எடுத்துவிட்டானே! அவன் இனி வரமாட்டான். நீங்களாவது வாருங்கள்.

உங்கள் தெர்சா

ஸ்பிட்ஹெட் கடல் கோட்டை,
14 மார்ச்

என் தெர்சாவுக்கு,

கோபிக்காதே. கருங்கல் சுவர் எழுப்பினால், அதைத் துளைக்கும் பீரங்கி வந்துவிடுகிறது. இரும்புத் தகடு போர்த்தினால், அதைத் துளைக்க இன்னொன்று. இப்போது நம் பீரங்கியையும் பெரிதாக்கிவிட்டார்கள், அதை வைக்கக் கட்டிய அறை போதவில்லை. நான் கட்டிய வளைவுகளை நானே இடிக்கிறேன். மேஸ்திரி, "இன்னும் ஒரே வருஷம்டா" என்கிறார். பாதியில் விட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ரூபன்

போர்ட்சி,
1 மே

ரூபனுக்கு,

நேற்று கோயிலில் மறுபடி என் பெயரை வாசித்தார்கள். கூட வாசித்தது தச்சர் ஏனோக்கின் பெயர். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. "இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு. அவன் வந்தா நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார்.

பாதிரியார் மறுப்பு உண்டா என்று கேட்கும்போது எழுந்து நின்று கத்துங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

தெர்சா

கடல் கோட்டை,
15 மே

தெர்சாவுக்கு,

காற்று சரியில்லை, படகு வரவில்லை என்று முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். படகு வந்தது.

நேற்று, அந்தக் கடைசி ஞாயிறு காலை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினேன். படகோட்டி, "சீக்கிரம் ஏறுய்யா, கோயில் மணி அடிச்சிடப் போறாங்க!" என்றான். ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். பீரங்கி வாசலில் ஒரு கல் விரற்கடை துருத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் செதுக்கிவிட்டு வருகிறேன் என்று மேலே ஏறினேன். உளியைக் கீழே வைத்தபோது மணி மூன்று.

உனக்கு என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து அழுதேன். கல்லின்மேல் குற்றமில்லை. அடுத்த நாள் வரைக்கும் அது அங்கேயேதான் இருந்திருக்கும்.

ஏனோக்கைக் கட்டிக்கொள். அவர் சாயங்காலமானால் வீட்டுக்கு வருவார்.

ரூபன்