இறும்பன் கட்டிய தழையும் சேந்தன் சொன்ன பொய்யும்

நலம் பெருகுக. மாரி பொய்யாதிருக்க. செல்லாற்றின் இரு கரையும் விளைந்து, குடிமக்கள் வயிறார உண்டு வாயார வாழ்த்தும்படி முடி தாங்கியிருப்பவரும், எளியோர் பக்கமே சாயும் கோலை உடையவருமாகிய செல்லாற்று நாட்டுப் பெருமாட்டி உலகுய்ய நாச்சியார் திருமுன்புக்கு, கோடைவரை நாடாளும் நெடுங்குடை வேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலை எழுதும் அமைச்சன் அரும்புலி கிழான் வணங்கி எழுதி விடுத்தது.

தங்கள் திருவோலை வந்து சேர்ந்தது. வேந்தர் அரியணை விட்டு எழுந்து நின்றே அதைப் பெற்றுக்கொண்டார். இரு நாட்டுக்கும் பொதுவான இருகோன்காட்டில், தங்கள் குடியைச் சேர்ந்த வேட்டுவன் இறும்பன், எங்கள் குடியைச் சேர்ந்த வேட்டுவன் சேந்தன் எய்த அம்பினால் மாண்டதையும், உயிர் போகும்முன் சேந்தன்மேல் குற்றமில்லை என்று தன் வாயாலேயே சொன்னதையும், ஆகவே தாங்கள் பழிக்குப் பழி கேட்கவில்லை, காட்டையும் அடைக்கவில்லை என்பதையும் அவ்வோலை அறிவித்தது. கணவாயில் வாள் தீட்டிக்கொண்டிருந்த படைத்தலைவர் முதல் மடைப்பள்ளி ஆட்கள் வரை எல்லோரும் அன்று பெருமூச்சு விட்டார்கள். அதை மறைப்பானேன்?

ஆனால் பெருமாட்டி, அந்த மன்னிப்பை இந்நாடு வைத்துக்கொள்ள முடியாது. இவ்வோலையோடு அதைத் திருப்பி அனுப்புகிறோம். காரணத்தை ஒளிவுமறைவின்றி எழுதும்படி வேந்தர் கட்டளையிட்டார். அரசவை நடையில் எழுதியே பழகிய கை இது. எனினும், சாகிறவன் பேசிய பேச்சைச் செந்தமிழாக்கினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று அஞ்சி, மலைமக்கள் பேசியதைப் பேசியபடியே எழுதியிருப்பதைப் பொறுத்தருள்க.

இருகோன்காட்டின் முறையைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் தங்கள் அவையில் காட்டுக்குள் கால் வைக்காத பெரியோரும் இருக்கக்கூடும். எங்கள் அவையில் அவர்கள்தாம் மிகுதி. அவர்களுக்காகச் சொல்கிறோம். அக்காட்டில் எல்லைக்கல் இல்லை, காவலும் இல்லை. ஒரு பள்ளத்துக்குள் முதலில் இறங்கும் வேட்டுவன், அதன் வாயிலில் நிற்கும் மரத்தின் கிளையில் பச்சைத் தழையை முறுக்கிக் கட்டிவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் அதைக் கண்டதும், உள்ளே ஆள் இருக்கிறது என்று அறிந்து, வேறு பள்ளம் தேடிப் போவான். வேட்டை முடிந்து திரும்புகிறவன் தன் தழையைத் தானே அவிழ்ப்பான். இரண்டு அரண்மனைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காதிருந்த காலத்திலும் இந்தத் தழைக்கு இருந்த மரியாதை குறைந்ததில்லை.

சேந்தன் அந்த மரியாதையிலேயே வளர்ந்தவன். செல்லாற்றுப் பக்கத்திலிருந்து வரும் ஒருவன் இடப்புறமாக முறுக்கித் தழை கட்டுவதை அவன் நெடுநாளாகப் பார்த்து வந்தான். முகம் பார்த்ததில்லை, தழையைக் கண்டால் விலகிப் போவதுதான் முறை என்பதால் பார்க்கவும் வழியில்லை. ஆனால் ஒரு முறை சேந்தன் எய்தும் அம்போடு தப்பிய காட்டுப்பன்றியை அந்த இடக்கை முறுக்குக்காரன் முடித்து, அம்புக்குரியவனுக்கென்று பின்தொடையை இலையில் சுற்றி மரத்தில் தொங்கவிட்டுப் போயிருந்தான். சேந்தன் பதிலுக்கு அதே மரத்தில் உப்புப் பொட்டலம் கட்டி வைத்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் கறியும் உப்பும் தேனும் போய் வந்தன. உடன்பிறந்தவனிடம் காட்டாத அன்பை அந்த முகந்தெரியாதவனிடம் வைத்திருந்ததாகச் சேந்தன் எங்கள் அவையில் சொல்லி அழுதான்.

பிறகு வறட்சி வந்தது. சுனைகள் வற்றின. விலங்குகளெல்லாம் ஈரம் மிச்சமிருந்த சில பள்ளங்களில் வந்து ஒடுங்கின. அப்போதுதான் பொய்த்தழை கட்டும் பழக்கம் முளைத்தது. பிறர் இறங்காமல் தமக்கென்று பிடித்துவைக்க, முந்தின மாலையே வந்து, ஆள் இறங்காத பள்ளங்களிலெல்லாம் தழையைக் கட்டி, விடியும்வரை வாடாதிருக்க அதன்மேல் நீரைத் தெளித்துவிட்டுப் போனார்கள். யார் தொடங்கியது என்று கேட்டால் எங்கள் வேடர் உங்களைக் கை காட்டுகிறார்கள். உங்கள் வேடர் எங்களைக் காட்டுவார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன என்பதே கொடுமை. பனியில்லாக் காலத்தில் ஈரமாயிருக்கும் தழை பொய்த்தழை என்று காடு முழுவதும் ஒரு கணக்குப் பரவிற்று.

மற்றவர்கள் தழையைக் கண்டு சிரித்துக்கொண்டே உள்ளே போன நாட்களிலும் சேந்தன் விலகியே போனான். வெறுங்கையோடு வீடு திரும்பினான். அவன் மனைவி மயிலி, கைக்குழந்தைக்குப் பால் வற்றிப்போன ஆற்றாமையில் ஒரு சொல் சொன்னாள். “எலைக்குக் கும்பிடு போட்டுட்டு வந்தியா? வர்றப்ப அந்த எலையவே பறிச்சுட்டு வந்திருந்தா ஒலையில போட்டிருப்பேன்.” அவள் கெட்டவள் அல்லள், பெருமாட்டி. பசித்த வீட்டில் எந்த மனைவியும் சொல்லக்கூடிய சொல்தான் அது. அதை இப்போது நினைத்து நினைத்து அவள் சோறு இறங்காமல் கிடக்கிறாள்.

மறுநாள் விடிந்தும் விடியாத வேளையில் சேந்தன் கருங்கால் பள்ளத்தின் வாயிலில் நின்றான். கிளையில் தழை இருந்தது. தொட்டுப் பார்த்தான்; ஈரம் சொட்டியது. நெஞ்சில் அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஈரத்தைத் தொட்டதும் பொங்கி வந்தது. எந்தக் கை முறுக்கியது என்றுகூடப் பாராமல் கத்தியால் அறுத்துக் கீழே தள்ளினான். தளும்பும் ஓசை கேட்டு மான் கலையும் என்று தன் நீர்க்குடுவையை அங்கேயே வைத்துவிட்டு, ஓசையில்லாமல் இறங்கினான். புதருக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று அசைந்தது. கடமான் என்று எண்ணி எய்தான்.

விழுந்தது மனிதன். விலாவுக்குக் கீழே அம்பு ஏறியிருந்தது. சேந்தன் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் இடுப்பிலிருந்த குடுவையை எடுத்து வாயருகே கவிழ்த்தான். அதில் ஒரு சொட்டுமில்லை. அடிபட்டவன் மெல்லச் சொன்னான்: “அதுல இல்ல தம்பி. பொழுது சாயுறவரைக்கும் உள்ளதான் இருக்கணும்னு வந்தேன். தழை வாடிரக் கூடாதுன்னு அதுமேல ஊத்திட்டேன்.”

அவன்தான் இறும்பன். வாடிய தழையைக் கண்டு யாரேனும் உள்ளே வந்துவிட்டால் வந்தவனுக்கு ஆபத்து என்று எண்ணி, தான் குடிக்க வைத்திருந்த நீரை முறை காக்க ஊற்றியவன். ஏமாற்றுக்காரரின் அடையாளம் என்று சேந்தன் எதைக் கண்டானோ அது இவனுடைய நேர்மையாக இருந்தது. தாகம் தாகம் என்று உதடு உலர அவன் சேந்தனின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: “தழை அவுந்து விழுந்துருச்சா தம்பி?”

கட்டியிருந்த தழையை மதிக்காமல் ஒருவன் உள்ளே வருவான் என்று நினைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லச் சேந்தனுக்கு நா எழவில்லை. “ஆமாண்ணே, காத்துல விழுந்து கெடந்துச்சு” என்றான். மேலே வைத்துவிட்டு வந்த தன் குடுவையை எடுத்துவர அவனைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல், கொம்பை எடுத்து ஊதினான். இரு நாட்டு வேடரும் ஓடி வந்தார்கள். தங்கள் வேடர் சேந்தனின் கழுத்தில் கத்தியை வைத்தபோது இறும்பன் கையை உயர்த்தித் தடுத்தான். “அவன ஒண்ணும் செய்யாதீங்க. தழை விழுந்துபோச்சாம். நாந்தான் சரியா முடிச்சுப் போடல” என்றான். அதோடு மூச்சு நின்றது.

உடலைத் தங்கள் ஆட்கள் தூக்கிச் சென்றபின் சேந்தன் பள்ளத்து வாயிலுக்கு ஏறி வந்தான். தன் குடுவையின் அருகில், யாரும் குனிந்து பாராமல் அறுபட்டுக் கிடந்த தழையைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தான். இடப்புற முறுக்கு. அவன் அங்கேயே மண்ணில் விழுந்து அலறியதை, தேடிப்போன எங்கள் ஊரார் கண்டார்கள். சாவைக் கண்ட அதிர்ச்சி என்று எண்ணி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

தங்கள் மன்னிப்பு வந்த அன்று ஊரே அவனைச் சூழ்ந்து தட்டிக்கொடுத்தது. அவன் வாய் திறக்கவில்லை. உயிருக்கு அஞ்சினான், குழந்தையின் முகத்தைப் பார்த்து அஞ்சினான். அதையும் அவனே சொன்னான். அப்படியே நாட்கள் போயிருக்கும். ஆனால் தங்கள் நாட்டிலிருந்து வந்த உப்பு வணிகர் ஒரு செய்தியைப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். காட்டில் மாண்ட வேட்டுவர்க்கெல்லாம் நடுகல் நிறுத்தும் தங்கள் ஊரார், இறும்பனுக்குக் கல் நிறுத்த மறுத்துவிட்டார்களாம். தன் தழையைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் செத்தவனுக்குக் கல் எதற்கு என்று கேட்டார்களாம். அவன் மனைவி வெண்ணி, கணவனுடைய வில்லை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முடிச்சு அவிழாது, அவிழவே அவிழாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம். ஒருவரும் நம்பவில்லையாம்.

அன்றே சேந்தன் எங்கள் கோட்டை வாயிலுக்கு வந்து நின்றான். நடந்ததை வேந்தரிடம் முழுவதும் சொன்னான். அவையில் எழுந்த கூச்சல் சிறிதன்று. ஓய்ந்த நெருப்பை ஏன் ஊதுகிறாய் என்று படைத்தலைவர் சீறினார். செத்தவனே உன்னை விடுவித்துவிட்டான், நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் இரு நாடும் பிழைக்கும் என்று இவ்வோலை எழுதுவோனும் எடுத்துரைத்தான். சேந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான்: “சாமி, அவரு தண்ணி இல்லாமச் செத்தாரு. பேரும் இல்லாமப் போகணுமா? அந்தம்மா சொல்றதுதான் நெசம்னு ஒருத்தராச்சும் போய்ச் சொல்ல வேணாமா?” வேந்தர் ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொன்னார்.

ஆகவே வேந்தர் கட்டளை இது. இறும்பனின் தழை விழவில்லை, அறுக்கப்பட்டது. அறுத்தவன் எங்கள் குடி. இதை எங்கள் நாட்டு ஊர்தோறும் முரசறைந்தாயிற்று. தங்கள் நாட்டிலும் அறைவித்தருள்க. இறும்பனுக்குக் கல் நிறுத்துக. அதில் வடிக்கும் தழை இடப்புறம் முறுக்கியதாக இருக்கட்டும். இனி எங்கள் குடியில் பொய்த்தழை கட்டுகிறவனுடைய வில் முறிக்கப்படும்; அவன் பிறகு காட்டுக்குள் நுழையலாகாது.

சேந்தனைக் குறித்த தீர்ப்பு தங்களுடையது. இவ்வோலையைத் திருமுன்பில் நீட்டி நிற்கிறானே, அவன்தான் சேந்தன். விலங்கிட்டு அனுப்பவில்லை, காவலும் கூட்டவில்லை. தானே கொண்டு போகிறேன் என்று கேட்டு வாங்கி வந்தான். முத்திரை இடும்முன் இதை அவனுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினோம். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. குடுவையில் நீர் இல்லாத இடம் வந்தபோது மட்டும் சற்று நிறுத்தச் சொன்னான். வெண்ணியின் முன்னால் நின்று அவள் கணவனின் முடிச்சு அவிழவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதே அவன் கேட்பது. அதற்குப்பின் தாங்கள் எது விதித்தாலும் கோடைவரை நாடு வாளைத் தொடாது. இது வேந்தர் வாக்கு.

வரையாட்டு இலச்சினை பதித்து, வேந்தர் கைச்சாத்திட்டு விடுத்தது. செல்லாற்று நாடும் அதன் குடியும் நீடு வாழ்க.

மறுமொழி ஓலையை இவன் கையிலேயே கொடுத்தனுப்புக என்று கேட்க எங்களுக்கு முகமில்லை, பெருமாட்டி. ஆனால் ஒன்றைத் தெரிவிக்காமல் இருக்கவும் முடியவில்லை. காட்டின் எங்கள் புறத்து வாயிலில் மயிலி குழந்தையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுப்பினாலும் எழவில்லை. அவளுக்கு ஓலை வாசிக்கத் தெரியாது. தங்கள் மறுமொழியைக் கொண்டு வருகிறவன் யார் என்றுதான் பார்ப்பாள்.