லெமினேட் பண்ணச் சொன்னது நான்

கட்டுகஸ்தோட்டை
24 மே 2025, சனிக்கிழமை

அன்பு மகன் ஜனார்த்தனனுக்கு அம்மா எழுதுவது,

உடம்புக்கு நாங்கள் இருவரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைகளில் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மற்றச் செய்திகளுக்குப் போகுமுன் ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் மழையைப் பற்றியும் தண்ணீர் வெட்டைப் பற்றியும் பேசியே முடிந்துவிடும். ஜனவரியில் நீ வந்திருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இது: உன் கிரிக்கெட் கார்ட்களை லெமினேட் பண்ணச் சொன்னது நான். அப்பா இல்லை. நீ ஹோலில் நின்று அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது நான் சமையலறை வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். ஒரு வசனம் சொல்லப் போதிய நேரம் இருந்தது. சொல்லவில்லை.

போன ஒக்டோபரில் மூன்று கிழமை விடாமல் மழை. உன் அறையில் அலுமாரி நிற்கிற பக்கத்துச் சுவர் ஊறிப்போய், கதவைத் திறந்தாலே ஈர நாற்றம் அடித்தது. உன் கார்ட்கள் இருந்த சப்பாத்துப் பெட்டிகளை வெளியே எடுத்தேன். சின்ன வயதில் சூயிங்கம் பெக்கெட்டுக்குள் வந்தவை, பிறகு நீயும் அஹ்னாபும் எங்கள் படியில் உட்கார்ந்து சண்டை போட்டு மாற்றிக்கொண்டவை, பெரியவனான பிறகு வெளிநாட்டிலிருந்து தருவித்தவை, எல்லாம் வரிசை எண் போட்டு நீ வைத்த மாதிரியே இருந்தன. சிலவற்றின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்பா கடையிலிருந்து வந்ததும், இத எல்லாத்தையும் கொண்டுபோய் லெமினேட் பண்ணிடுங்க, இல்லாட்டி புள்ள வர்றப்ப ஒண்ணும் மிஞ்சாது என்றேன். அவர் ஒரு கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோமா துஷி என்றார். கேட்டார், ஜனா. நான்தான், அங்க அவனுக்கு இப்ப வேலை நேரம், இதுக்கெல்லாம் கோல் எடுத்துத் தொல்லை பண்ணாதீங்க என்று சொன்னேன். இருபது வருஷமாக வாசிகசாலையில் வேலை செய்கிறேன், பழைய காகிதத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடையில் மெஷின் இருக்கிறது, மனிதர் இருக்கிறார், வேலை முடிந்துவிடும் என்று மட்டும் நினைத்தேன்.

ஒரு கிழமை முழுக்க, போட்டோகொப்பி எடுக்க வருகிற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டார். ஓரம் கோணாமல் அடிமட்டம் வைத்து வெட்டினார். கையெழுத்து வாங்கிய கார்ட்டை மட்டும் கடைசியில் வைத்திருந்தார். அன்று வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சூட்டுக்கு அந்த மை கொஞ்சம் கலங்கிருச்சு என்றார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே, அவனுக்கு எங்க தெரியப்போகுது, விடுங்க என்றேன். ஆக மூன்று இடத்திலும் நான்.

நீ வந்த இரண்டாம் நாள். ஹந்தானையிலிருந்து பேச்சியம்மா அத்தை உன்னைப் பார்க்கவென்று மரவள்ளிக்கிழங்கும் முறுக்கும் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நீ பெட்டியைத் திறந்தாய், முதலில் கையில் வந்தது அந்தக் கையெழுத்துக் கார்ட்தான். இத யாரு பண்ணச் சொன்னது என்று கேட்டாய். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான்தான் தம்பி, மழைக்குப் பழுதாப் போயிருமேன்னு என்றார் அப்பா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்கலாம். எதக் கண்டாலும் பிளாஸ்டிக்ல போட்டு நசுக்குறதா, கடை வச்சும் டவுனுக்கு வந்தும் உங்களுக்கு அந்த லயத்துப் புத்தி போகலியே என்றாய். அத்தை கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அதே லயத்தில், அப்பா பிறந்த அதே ஒற்றையறைக் காம்பராவில் இன்றைக்கும் இருப்பவள். அவள் சிரித்துக்கொண்டு, எங்க லயத்துக்கு இப்ப டைல்ஸ் போட்டாச்சு தம்பி, ஒரு நாளைக்கு வந்து பாரு என்றாள். பிறகு பஸ் போயிரும் என்று பையை எடுத்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை.

அப்பா எதையும் ஏன் லெமினேட் பண்ணுகிறார் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. உன் பிறப்புச் சான்றிதழ், என் ஓ லெவல், கல்யாணப் பதிவு, தண்ணீர் பில்கூட, எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து நீயும் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். உன் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரமும் அப்பாவின் பிறப்புப் பதிவும் லயத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் நின்று, எழுத்தெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது, அங்கிருந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேக்க கியவன்ன பே என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்தாராம். இதை வாசிக்க முடியாது. நாலு வருஷம் அட்டை இல்லாமல் இருந்தார். அது எந்தக் காலம் என்று உனக்குத் தெரியும், அட்டை இல்லாத தமிழ்ப் பொடியனைப் பஸ்ஸிலிருந்து இறக்கினால் அவன் வீட்டுக்கு வரும்வரை நிச்சயமில்லை. அப்பாவை இரண்டு முறை இறக்கினார்கள். ஒரு முறை மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி என்னிடம்கூட அவர் பேசியதில்லை, அத்தை சொல்லித்தான் தெரியும். பிறகு டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது, காகிதம் மெஷினுக்குள் போய்த் தண்ணீர் புகாத மாதிரி வெளியே வருவதை முதல் முறையாகப் பார்த்தாராம். அதற்காகவே கடை போட்டார். இதுதான் நீ சொன்ன லயத்துப் புத்தி. உன் கார்ட்களை அவர் தன் தகப்பனின் பத்திரத்தோடு ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். அது பிழையான வைத்தியம் என்று இப்போது எனக்கும் தெரிகிறது. அஹ்னாப் வந்து பார்த்தபோது, ஆன்ட்டி, கார்டுன்னா அதுட மேல் பேப்பரும் மூலையும்தான் உசிரு, இப்ப பசை உருகி உள்ளுக்கே போயிட்டு, எல்லாம் மவுத்து என்றான். அவனுக்கு எல்லாம் பகிடி. போகும்போது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதில் பாதி ஒரு காலத்தில் அவனுடையது.

மெல்பேர்னில் உன் கார்ட் சங்கத்தின் காட்சிக்கு அந்த முழுச் செட்டையும் கொண்டுபோக ஒரு வருஷமாகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் இழப்பைச் சின்னதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும், கசப்பாகத்தான் இருக்கும். அந்தக் கார்ட்களின் பின்பக்கத்தில் இருக்கிற ஒவ்வொருவனின் பிறந்த தேதியும், எத்தனை விக்கெட், எந்த மைதானம் என்பதும் உனக்குப் பார்க்காமலே தெரியும். விசா படிவம் நிரப்பும்போது அப்பா பிறந்த வருஷத்தை என்னிடம் கேட்டாய். அந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்காவது உன் பெயர் தெரியுமா? உன் பெயர் தெரிந்த ஒருவர்தான் உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது குண்டசாலையில் பஸ்ஸை விட்டிறங்கி பல்லேகலை மைதானத்துக்கு மழையில் நடந்து போனார். பயிற்சி முடியும்வரை கம்பி வேலியோரம் நின்றார். கார்ட்டை ஷொப்பிங் பேக்கில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். ஒரு பொலிஸ்காரர் இரண்டு முறை விரட்டியிருக்கிறார், மூன்றாம் முறை அவரே ஆட்டக்காரரை மல்லி, தம்பி என்று கூப்பிட்டு, இந்த மனுஷனுக்கு ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடு என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். வாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, கார்ட் காய்ந்திருந்தது. நீ அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினாய். அந்த மை கலங்கியதற்கு உன்னைவிட யாருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

நம் வீட்டில் மேட்ச் நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். விக்கெட் விழாமல் இருக்கும்வரை யாரும் இடம் மாறக்கூடாது. நான் ஒரு தடவை சமையலறை வாசலில் நின்றபோது ஒரு சிக்ஸர் போய்விட்டது, அதற்குப் பிறகு பத்து வருஷம் நீங்கள் இருவரும் என்னை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்தீர்கள். அம்மா நகராதீங்க, அடுப்பு கருகினா கருகட்டும் என்பாய். உன் அப்பா, அவ நின்னாத்தான் நாம ஜெயிப்போம் என்பார். நான் கையில் ஒரு புத்தகமும் இல்லாமல் நின்றிருக்கிறேன். இப்போது டீவி மூடித்தான் கிடக்கிறது. போன மாதம் நான் போட்டுவிட்டேன், அவர் நாலு ஓவர் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

நீ போன பிறகு ஒரு மாதம் சவர பிளேட்டும் தலைமயிர் காயவைக்கிற மெஷினும் வைத்து அந்தப் பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்தார். படம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. இடது கைப் பெருவிரலில் மூன்று தையல். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நீ இப்போது என் போனுக்கு மட்டும் எடுக்கிறாய், அதுவும் அப்பா கடையில் இருக்கிற நேரம் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அவராகவே எழும்பி வெளியே போய் கேற்றடியில் நிற்கிறார், நீ தாராளமாகப் பேசட்டும் என்று. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நான் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று பெப்ரவரியிலேயே சொன்னேன். வேணாம் துஷி, ரெண்டு பேரோடயும் கோவிச்சுக்கிட்டா அவன் அப்புறம் யாருக்குக் கோல் எடுப்பான், ஒருத்தரோட போகட்டும் என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. அதுதான் உண்மை. உன் குரல் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, அதற்கு அவர் தன் பங்கைக் கொடுத்தார். நாலு மாதம் அப்படி வாங்கிக்கொண்டேன். புத்தகங்களில் பிழை செய்தவர்கள் நல்ல இடத்தில் வாய் திறந்துவிடுகிறார்கள். எனக்கு வாய் திறக்கத் தெரியாது என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்வாய், அது சரிதான். அதனால்தான் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் போட்டால் ரயிலில் நின்றபடி பாதி படித்துவிட்டு மூடிவிடுவாய்.

இனி உனக்குக் கோபம் இருந்தால் அதை என்மேல் காட்டு. எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுக்காமல் இரு, நான் தாங்குவேன், எனக்கு வாசிகசாலை இருக்கிறது, வேலை இருக்கிறது. அப்பாவுக்குக் கடையும் நீயும்தான். லயம் என்ற சொல்லை மட்டும் நீ எங்கேயாவது வைத்துத் திருப்பி எடுக்க வேண்டும். அவரிடம் முடியாவிட்டால் அத்தையிடமாவது. அவள் இதுவரை உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அங்க குளிராமே, புள்ள கம்பளி போடுதா என்றுதான் கேட்கிறாள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள், உனக்குக் காது வலி சீக்கிரம் வரும். பாணைத் தின்றே நாளை ஓட்டாதே, ஒரு நேரமாவது சோறு ஆக்கு. இங்கே பாலத்தடி நெரிசல் அப்படியே இருக்கிறது, கண்டிக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம். சஞ்சீவனி ஆசிரியர் கல்லூரிக்கு எடுபட்டுவிட்டாள், ஒரு வாழ்த்து அனுப்பு, அவள் உன் தங்கச்சி முறைதானே. ஓகஸ்ட்டில் அப்பாவுக்கு ஐம்பத்தொன்று. பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலு. எழுதி வைத்துக்கொள்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீண்ட காலம் இருக்க வேண்டும். என் கோபத்தோடு சேர்த்தே இந்த ஆசீர்வாதத்தை எடுத்துக்கொள், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறவை. அப்பாவின் நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
வீ. துஷ்யந்தி

திங்கட்கிழமை சேர்த்து எழுதுவது: நேற்றுப் பின்னேரம் நீ கோல் எடுத்தாய். இந்தக் கடிதம் அப்போது மேசையில்தான் இருந்தது. அப்பா வெளியே போக எழும்பினார், நான் கையைப் பிடித்து நிறுத்திப் போனை அவர் காதில் வைத்தேன். அவர் தம்பி என்றார். நீ வைத்துவிட்டாய். லைன் கட்டாயிருச்சு போல என்று அவர் போனை என்னிடம் தந்தார். நான் இன்று காலை பத்து மணிக்கு இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன்.